டிக்கி மூடியில் மட்டும் கொப்புளம் இல்லை

என் தங்கை புருஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துதான் ஆரம்பிக்கிறேன். எத்தனை தேறும் என்று எனக்கே தெரியாது.

கெல்வின் டிரசைஸ் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. வாலரூ துறைமுகத்துக் கோதுமைக் குதிர்களில் வேலை. கப்பல் வந்தால் அவன் ஓடுவான். கப்பல் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்களை ஓட வைப்பான். சாப்பாட்டு மேஜையில் உட்காரச் சொன்னால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவான். சபையில் பிரசங்கம் பாதி நடக்கும்போதே நழுவி, வெளியே யாருடைய டயரில் காற்று குறைவு என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். என் தங்கை ஏவிஸிடம் கல்யாணம் பேசியதே அவளுடைய சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான். “மாட்டிட்டேன், கட்டிக்கிறியா?” என்று ஒரே மூச்சில் கேட்டானாம். தான் எதற்குச் சரி என்று சொன்னோம் என்பதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

இன்னொரு குணமும் உண்டு. எது கெட்டாலும் அதற்கு ஓர் ஆள் வேண்டும் அவனுக்கு. பால் பொங்கினால் அடுப்பு செய்தவன் சரியில்லை. மீன் கடிக்காவிட்டால் அடுத்த படகுக்காரன் சத்தம் போட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கெல்வின் கூடத்தோடு விடமாட்டான், கொத்தனாரின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்த வாரம், யாரும் கேட்காமலே ஏணியைப் போட்டு என் வீட்டுக் கூரைத் தகரம் முழுவதையும் மாற்றிக் கொடுத்தான். ஆறுதலாக ஒரு சொல் சொல்ல அவனுக்கு வரவில்லை. மழைக்கு ஒழுகாமல் பார்த்துக்கொண்டான். அதை நான் மறக்கவில்லை.

இனி அந்தக் கார். நான்கீன் என்று பெயர். எங்கள் கோதுமை வயல்களின் மேல் காற்றில் நின்றபடியே எலி பார்க்குமே, அந்தச் சின்னப் பருந்தின் பெயர்தான். எழுபதுகளில் மெல்போர்ன் பக்கம் ஏதோ கொட்டகையில் கொஞ்சமாகச் செய்த இரண்டு பேர் கார். உடம்பு முழுக்க ஃபைபர். அதில் ஒன்று மல்லி என்கிற குட்டை யூகலிப்டஸ் காட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் அடைகாக்கும் இடமாகக் கிடந்ததைக் கண்டுபிடித்து இழுத்து வந்தான். “துரு புடிக்கவே புடிக்காது தெல்மா! உப்புக் காத்து என்ன பண்ணும் இத? ஒண்ணும் பண்ண முடியாது!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். கடலோர ஊரில் துருப்பிடிக்காத காரென்றால் கோயில் கட்டிக் கும்பிடலாம்தான்.

பெயிண்ட் அடிக்க ஆளைத் தேட வேண்டியதில்லை. எங்கள் கடைசித் தம்பி க்ளின் பாஸ்கோதான் ஊரின் பெயிண்டர். ரயிலடிக்குப் பின்னால் அவன் ஷெட். கல்யாணம் கட்டவில்லை. அதிகம் பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏவிஸ் வீட்டு ஆட்டுக்கறி வறுவலுக்கு அவனும் நானும் தவறாமல் போய்விடுவோம். கெல்வின் ஜன்னலோரம் நின்று ஊர் முழுவதையும் திட்டி முடிக்கும்வரை க்ளின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். கடைசியில், “சரி மச்சான், உருளைக்கிழங்கு ஆறிடும்” என்பான். அதோடு கெல்வின் அடங்கிவிடுவான். வேறு யார் சொல்லியும் அவன் அடங்கி நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. அதற்கு முந்தின வருடமும் பொய்த்ததுதான். குழாயில் ஹோஸ் மாட்டினால் அபராதம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர்த் தொட்டி உண்டு. டீ போடவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். மற்ற வேலைக்கு அதைத் தொடுவது பாவம் என்று பால் குடிக்கும் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஏவிஸின் தொட்டி தட்டினால் அடிவரை கணீரென்று கேட்டது. அந்த நேரத்தில் கெல்வின் வாளி வாளியாகப் பிடித்துக் கோழி எச்சத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து தொட்டியின் குழாயில் மாட்டினாள். சாவி அவள் ஏப்ரனுக்குள் போனது.

“டீ வேணுமா, கார் வேணுமா, நீயே சொல்லு” என்றாள்.

கெல்வின் அதற்கெல்லாம் நின்றுவிடுகிற ஆளா? கொல்லையில் அவன் அப்பா காலத்து போர் கிணறு ஒன்று மூடிக் கிடந்தது. தக்காளிச் செடிக்கு ஊற்றினால் தக்காளி செத்துப்போகும் தண்ணீர். மோட்டாரைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தான். அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, வாட்டர் பேப்பரால் காரைத் தேய்த்தான். பழைய பெயிண்ட் போய், அதற்குக் கீழே இருந்த வழுவழுப்பான மேல்தோலும் பல இடத்தில் போய், கண்ணாடி நார் தெரியும்வரை தேய்த்தான். நிறுத்தத் தெரியாத கைக்கு வாட்டர் பேப்பர் கொடுத்தால் அப்படித்தான். டிக்கி மூடி மட்டும் கீலில் விரிசல் விட்டிருந்ததால் க்ளின் அதைக் கழற்றித் தன் ஷெட்டுக்கு எடுத்துப்போய்ச் சரி செய்தான்.

ஊரே கெல்வினை மெச்சியது. ஃபுட்பால் கிளப்பில், “ஒரு சொட்டு மழைத்தண்ணி வீணாக்கல பாரு இவன்!” என்று முதுகில் தட்டினார்கள். நானும் மெச்சினேன். எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

காய்ந்த வண்டியை வாங்கி க்ளின் ஆரஞ்சு நிறம் அடித்துக் கொடுத்தான். மே மாதத் திருவிழா ஊர்வலத்தில், கருப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட, எங்கள் பாட்டன்மார் ஊரான கார்ன்வாலின் கொடிகளுக்கு நடுவே அது போனபோது கறி பொதிந்து சுட்ட பாஸ்டி தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கெல்வின் அன்று யாரையும் குறை சொல்லவில்லை. ஏவிஸுக்குப் பயமாகவே இருந்ததாம், காய்ச்சலோ என்று.

எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஜூனில் பனி இறங்கியது. மட்கார்டு விளிம்பில் கடுகு கடுகாகக் கொப்புளம் எழும்பியது. பிறகு மிளகு அளவு. பிறகு கதவின் கீழ்ப்பக்கமெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

க்ளின் வந்து பார்த்தான். குனிந்து, தடவி, ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறி, நிமிர்ந்தான். “வண்டிய என் ஷெட்ல விடு மச்சான். இந்தக் குளிர்காலம் என்கிட்டயே இருக்கட்டும். எதுவும் கேக்காத, சரி பண்ணித் தரேன்” என்றான்.

கேட்காதே என்றால் கெல்வினுக்குப் பொறுக்குமா? அன்றே கிளப்பில், அத்தனை பேர் முன்னால், பீர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, “ஈரத்து மேலயே அடிச்சிருக்கான். கெடுத்தவன் கையிலயே மறுபடியும் குடுக்கணுமாம்! நான் என்ன கேனையா?” என்றான். க்ளின் கதவருகே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான். கேட்டான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காரைக் கடலில் தள்ளியிருப்பேன்.

அதற்குப் பிறகு கெல்வினுக்கு வந்தது வெறி என்றுதான் சொல்ல வேண்டும். படகு பழுது பார்க்கிறவர்களிடம் போய்க் கேட்டான். ஃபைபர் படகிலும் கொப்புளம் வருமாம். ரெசின் கெட்டு வந்தால் உள்ளே இருக்கும் நீர் வினிகர் மாதிரி நாறும் என்றார்கள். முகர்ந்தான், நாறவில்லை. அப்படியென்றால் ஈரம்தான் என்றார்கள். பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி வைக்கச் சொன்னார்கள். மறுநாள் தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். “பாத்தியா! ஈரம்! நான் சொன்னேன்ல?” என்று குதித்தான். எங்கள் வீட்டு ஹீட்டர், ஏவிஸின் ஹேர் டிரையர், கோழிக்குஞ்சு பண்ணைக்காரரின் விளக்குகள் எல்லாம் அந்தக் காரைச் சுற்றி வந்து நின்றன. தரை ஈரம் ஏறும் என்று காரைக் கட்டைமேல் தூக்கினான். மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறை வேர்க்கிறது என்று அதைக் கிழித்தெறிந்தான். கோடை முழுக்கக் கதவைத் திறந்து போட்டதில் வண்டி எலும்பு போலக் காய்ந்தது. தாள் ஒட்டிப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. நல்ல பிரைமர் வாங்கி, அதன் மேல் க்ளினிடம் முதலில் வாங்கி மிச்சமிருந்த பெயிண்டைத் தன் கையாலேயே அடித்தான். அதற்கு முன்னால் வழக்கம்போல மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து, இன்னொரு தடவை தேய்த்தான்.

குளிர்காலம் வந்தது. கொப்புளமும் வந்தது.

“க்ளின் வித்த பெயிண்ட்டு அது. டின்னுலயே ஏதோ இருந்திருக்கு” என்றான் கெல்வின். ஏவிஸ் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். இந்த மனுஷனை வாழ்நாளில் முதல்தடவையாக வெறுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்று அன்று என்னிடம் சொன்னாள்.

சின்ன ஊர். சொந்த மச்சானே இப்படிச் சொல்கிறானே என்று ஒவ்வொருவராக க்ளினிடம் வருவதை நிறுத்தினார்கள். இடிபட்ட வண்டியைப் பக்கத்து ஊர் கடினா வரைக்கும் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு நாள் ரயிலடிப் பக்கம் போனபோது அவன் ஷெட்டில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், போர்ட் லிங்கனில் படகுப் பட்டறை ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். குளிர்காலம் முடிந்ததும் போகிறானாம். ஏவிஸிடம் நான்தான் சொன்னேன். அவள் நேரே கெல்வினிடம் போய், “போயி அவன்கிட்ட பேசு” என்றாள்.

“கண்டுபுடிச்சிட்டு பேசறேன்.”

“என்னத்த கண்டுபுடிக்கப் போற? என் தம்பி ஊர விட்டே போறான்யா!”

“கண்டுபுடிச்சாதான பேச முடியும்? என்னன்னு பேசறது?” என்று கத்திவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டான். அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததுபோல அன்று எனக்குப் பட்டது. யோசித்தால் அதுவும் பொய். மன்னிப்புக் கேட்கக் காரணம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. பஞ்சம் முடிந்து நல்ல மழை பெய்திருந்தது. தொட்டிகளெல்லாம் வழிந்தன. குங்குமப்பூ கேக் டப்பாவோடு நான் போனபோது ஏவிஸ் உள்ளே அடுப்பில் கறியை வைத்திருந்தாள். கெல்வின் கொல்லையில் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஊசியால் குத்துகிறான், பார்க்கிறான், எழுகிறான், இன்னொரு பக்கம் போய்க் குத்துகிறான். பார்க்கவே தலை சுற்றியது. நான் கேக் டப்பாவை டிக்கி மேல் வைத்தேன்.

“ஏய்! பெயிண்ட்டு!”

“பெயிண்ட்டாம் பெயிண்ட்டு. வண்டி முழுக்கச் சொறி புடிச்சுக் கிடக்கு, என் டப்பாவாலதான் கெடப்போகுதா? இந்த ஒரு எடம்தான் முட்ட மாதிரி வழுவழுன்னு இருக்கு, அதான் வெச்சேன்.”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே டிக்கி மூடியைப் பார்த்து நின்றான். குறை இருக்கிற இடத்தையே பார்த்துப் பழகிய கண் அது. குறையில்லாத இடத்தைப் பார்க்க அதற்கு இத்தனை குளிர்காலம் ஆகியிருக்கிறது.

“இதுல நீ மறுபடி அடிச்சியா?” என்று கேட்டேன்.

“இல்ல. இது க்ளின் அடிச்சதுதான். மொதல்ல அடிச்சது.”

“அப்ப அவன் கை கோளாறுன்னா இங்கல்ல வந்திருக்கணும்?”

“அதே நாளு, அதே ஸ்பிரே கன்னு, அதே டின்னு…” என்று முணுமுணுத்தான். “ஆனா தேச்சது… இத மட்டும் அவன் தேச்சான். அவன் ஷெட்ல. அங்க கொழாய்த் தண்ணி…” அவன் தலை மெதுவாகத் திரும்பி போர் மோட்டாரைப் பார்த்தது.

மட்கார்டு பக்கம் போய்ப் பெரிய கொப்புளமாக ஒன்றைக் குத்தினான். ஒரு சொட்டு வந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தான். முகம் போன போக்கைப் பார்த்து நானும் ஒன்றைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் தோற்கும்.

அவ்வளவுதான் விஷயம். அவன் தேய்த்துத் திறந்துவிட்ட நாருக்குள் போர் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காய்ந்தபோது தண்ணீர் போனது, உப்பு போகவில்லை. மேலே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் பனி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியத்தான் செய்யும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்காமல் இருப்பானா? குடித்துக் குடித்து ஊதிவிட்டது. எத்தனை விளக்கு வைத்துக் காய வைத்தாலும், மறுபடி அதே தண்ணீரில் தேய்த்து அவனே உப்பை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஏவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். “என்ன ரெண்டு பேரும் கார நக்கிட்டு இருக்கீங்க?”

“உப்பு” என்றான் கெல்வின். “போர் தண்ணி. எல்லாமே அந்தப் போர் தண்ணி.” அப்புறம் அவன் கண் தொட்டியின் மேல் போனது. அதில் பூட்டு இன்னும் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. சாவி தொலைந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆள் கிடைத்துவிட்டது அவனுக்கு.

“நீ மட்டும் அன்னிக்கு அந்தப் பூட்டப் போடாம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தான்.

ஏவிஸ் படியில் நின்றபடியே பார்த்தாள். இத்தனை வருடமாக இவன் சுட்டுவிரலுக்கு எதிரே நின்ற அடுப்புக்காரன், படகுக்காரன், க்ளின் எல்லாருக்கும் அடுத்த இடம் தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

அவன் நிறுத்தினான். பிறகு, “தெல்மா, உன் வண்டிய எடு” என்றான்.

ரயிலடி வரைக்கும் காலால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தான். க்ளின் ஷெட்டில் ஸ்பிரே கன்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“உப்பு” என்றான் கெல்வின், வாசலிலேயே நின்று.

க்ளின் துணியைக் கீழே வைத்தான். “ஏவிஸத் திட்டினியா?”

“உனக்கு… உனக்குத் தெரியுமா?”

“மொதல் கொப்புளத்தக் கீறின அன்னிக்கே நக்கிப் பாத்தேன். அவளத் திட்டினியான்னு கேட்டேன்.”

என் தம்பி சும்மா இருந்ததை நாங்கள் எல்லாரும் ரோஷம் என்று நினைத்திருந்தோம். கொஞ்சம் அசடு என்றுகூட நான் நினைத்திருந்தேன். போர் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பெயர் அன்றே மீண்டிருக்கும். அடுத்த நிமிடம் அந்தப் பூட்டும் என் தங்கையும் கிளப்பில் பேச்சாகியிருப்பார்கள். கெல்வினின் வீட்டுக்குள் அவள் பாடு என்னவாகியிருக்கும் என்று க்ளின் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

“ஆரம்பிச்சேன்” என்றான் கெல்வின் கடைசியில். “பாதியில நிறுத்திட்டேன்.”

“எதுவரைக்கும் சொன்ன?”

“நீ மட்டும் பூட்டுப் போடாம இருந்திருந்தான்னு… அதுவரைக்கும்.”

க்ளின் பெட்டியை ஓரமாக நகர்த்தினான். கெல்வின் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தான்.

“மச்சான், நான் கிளப்புல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மைக்கப் புடிச்சுச் சொல்றேன். இன்னிக்கே சொல்றேன். வண்டிய இப்பவே கொண்டாரேன். என்ன பண்ணணும் சொல்லு, நான் இப்பவே…”

“நார் தெரியற வரைக்கும் மறுபடி எடுக்கணும். தண்ணி தொடாம, உலர்ந்த தாள்ல. அப்புறம் மழைத்தண்ணி ஊத்திக் கழுவணும், காய விடணும், மறுபடி கழுவணும், நாக்குல உப்பு தெரியாமப் போற வரைக்கும். நல்லாக் காஞ்சப்புறம் ஈரம் உறிஞ்சாத எபாக்சி பிரைமர், மட்கார்டு உள்பக்கம்கூட. மாசக்கணக்கா ஆகும். நீ அவசரப்பட்டா மறுபடியும் ஊதும்.” க்ளின் துணியை மறுபடி எடுத்தான். “அதெல்லாம் அப்புறம். மொதல்ல வீட்டுக்குப் போ. பாதியில விட்டத முடிச்சிட்டு வா.”

“முடிக்கவா?”

“ஆமா. அப்படியே தொங்கவிட்டுட்டு வந்துட்டா அவ மீதிய தானே போட்டுக்குவா. நல்லபடியா முடி. முடியலேன்னா இங்க வராத. நான் லிங்கனுக்குப் போறேன்.”

திரும்பி வரும்போது கெல்வின் காலைத் தட்டவில்லை. உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான், பள்ளிக்கூடப் பாட்டை மனப்பாடம் செய்கிற பையன் மாதிரி. சிரிப்பு வந்தாலும் நான் அடக்கிக்கொண்டேன். இவனால் முடியாது என்றுதான் நினைத்தேன்.

சமையலறையில் ஏவிஸ் முதுகைக் காட்டி நின்று புதினாவை நறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. கெல்வின் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றான்.

“நீ மட்டும் அன்னிக்கு அந்தப் பூட்டப் போடாம இருந்திருந்தா…” என்றான்.

கத்தி நின்றது.

“…அந்த வருஷம் நமக்கு டீ குடிக்கக்கூடத் தண்ணி இருந்திருக்காது. நான் எல்லாத்தையும் காருக்கு ஊத்தியிருப்பேன். பூட்டப் போட்டது நீ. போர் தண்ணிய ஊத்தினது நான். க்ளின் ஒண்ணும் பண்ணல.” மூச்சு வாங்கினான். “அவன சாப்பிடக் கூட்டிட்டு வரவா? கறி பத்துமா?”

அவள் திரும்பாமலே அடுப்பைத் திறந்து தட்டை வெளியே இழுத்தாள். உருளைக்கிழங்கு விளிம்புவரை நிறைந்திருந்தது.

“அவனுக்கும் சேத்துதான் போட்டிருக்கேன்” என்றாள். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். நீதான் நின்னுக்கிட்டே ரெண்டு பங்கு தின்ன.”